சிவநேசனின் கண்ணும் இருபத்தொரு தேங்காயும்

"அண்ணே, தேங்காயக் கையில எடுக்குறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

பக்கத்து வீட்டுக் குணவதி அக்கறையில்தான் கேட்டாள். அடுக்குமாடிக்குத் திரும்பியதும் நாலு பேரிடம் சொல்ல அவளுக்கு விவரம் வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

தைப்பூச ரதம் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. டத்தோ கிராமட் சாலையோரத்தில் இருபத்தொரு தேங்காய்களைக் குவித்துவைத்துவிட்டுக் காத்திருந்தார் சிவநேசன். மாக் மண்டின் வட்டாரத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்சின் டிரைவர். மூன்று மாதத்துக்கு முன்னால் வலது கண்ணில் ஆப்பரேஷன் செய்துகொண்டவர்.

"கேட்டேன் லா. மொத ஒரு மாசம் குனியாதீங்க, பாரம் தூக்காதீங்கன்னாரு. இப்ப எல்லாம் செய்யலாமாம்."

"அப்படி என்னதான் வந்துச்சு கண்ணுக்கு? உங்க வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டா, 'பிரஷர்'னு ஒரே வார்த்தையில கதவச் சாத்திட்டாங்க."

"கிளாக்கோமா. கண்ணுக்குள்ள இருக்குற தண்ணி வெளிய போற வழி அடைச்சிக்கும். பிரஷர் ஏறும். வலியே இருக்காது. ஓரப்பார்வை மட்டும் கொஞ்சங் கொஞ்சமா போயிடும். போனது திரும்பி வராது. கண்ணாடி மாத்தப் போன எடத்துல தற்செயலா கண்டுபிடிச்சாங்க. பஸ் ஓட்டுறவனுக்கு ஓரப்பார்வை போனா லைசென்ஸ் போச்சு, சோறும் போச்சு."

"ஐயையோ!"

"ஆரம்பம்தான், பயப்படாதீங்கன்னாரு டாக்டர் மோகனராஜ். சொட்டு மருந்து இருக்கு, லேசர் இருக்கு. ஷிப்ட் பஸ் ஓட்டுற எனக்கு மருந்து ஊத்த எங்க ஞாபகம் இருக்கும்? புரை வேற இருந்துச்சு. அத எடுக்குறப்பவே, அரிசியவிடச் சின்னதா ஒரு குழாய உள்ள வச்சிடலாம், பெரிசா வெட்ட வேண்டியதில்லன்னாரு. நான் சாமியக் கூப்பிடுறேன். அவரு சிரிக்கிறாரு. 'சின்ன விஷயம் அங்கிள், கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள முடிஞ்சிடும்'ங்குறாரு."

"அப்புறம்?"

"அவரு மனுசனே இல்ல குணவதி, தெய்வம். ஆப்பரேஷன் முடிஞ்சு படுத்திருக்கேன், நாலு தடவ வந்து பாக்குறாரு. மறுநாள் நான் போறப்ப கிளினிக் கதவே தொறக்கல, அவரு வாசல்ல நிக்குறாரு. ஞாயித்துக்கெழம போன் பண்ணி, 'அங்கிள், சுவத்துல காலண்டர் தெரியுதா? தேதியப் படிங்க'ங்குறாரு."

குணவதியின் மூளை சுறுசுறுப்பானது.

"ஸ்பெஷலிஸ்ட் தானா போன் பண்றாரா? நம்ம பண்ணினாலே நர்ஸுதான் எடுப்பா. அண்ணே, அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்லன்னு நெனைக்கிறேன்."

"உங்ககூட தொணைக்கு யாரு போனது?"

"ஷர்மினிதான். எல்லாத் தடவையும் எம் பொண்ணுதான் வந்தா."

"அப்ப அது உங்க கண்ணு மேல உள்ள அக்கற இல்ல லா!"

அதற்குள் மனத்துக்குள் மண்டபம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டாரைக் குறை சொல்லி, பந்தியிலும் உட்கார்ந்துவிட்டாள் குணவதி.

"வாய மூடு. அவரு கொணம் அப்படி," என்றார் சிவநேசன். "பிரஷர் எறங்கிடுச்சு, லைசென்ஸும் தப்பிச்சுது. அந்த நன்றிக்குத்தான் இந்த இருபத்தொண்ணு."

நாதஸ்வரம் கேட்டது. ரதம் திருப்பத்தில் தெரிந்ததும் சாலையெங்கும் தேங்காய்கள் வெடிக்கத் தொடங்கின. சிவநேசன் கண்ணீரோடு ஒவ்வொன்றாக உடைத்தார். கடைசிக் காயையும் உடைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

சற்றுத் தள்ளி ஒரு குவியலில் மட்டும் சத்தம் ஓயவில்லை. தலையில் துண்டு கட்டிய இளைஞர் ஒருவர், சட்டையெல்லாம் நனைந்திருக்க, ஏதோ பழைய பகையைத் தீர்ப்பதுபோல் உடைத்துக்கொண்டிருந்தார். சிவநேசன் உற்றுப் பார்த்தார்.

"டாக்டர்!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. டாக்டர் மோகனராஜ் திருட்டு முழி முழித்தார்.

குணவதி முந்திக்கொண்டாள். "என்ன தம்பி, நல்ல பொண்ணா அமையணும்னு வேண்டுதலா?"

"அதெல்லாம் இல்லக்கா." டாக்டர் கிட்டே வந்து, சிவநேசனின் வலது கண்ணை நடுச்சாலையிலேயே ஒருமுறை குனிந்து சோதித்துக்கொண்டார். பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டார். "எனக்குச் சொல்லிக்குடுத்த பெரிய டாக்டர் பக்கத்துல இல்லாம, நான் தனியா வச்ச மொத குழாய் அங்கிளோடதுதான். நல்லபடியா முடிஞ்சா நூத்தியெட்டு ஒடைக்கிறேன்னு வேண்டிக்கிட்டுத்தான் கத்தியவே கையில எடுத்தேன்."