கலெக்டர் டிரைவர்

பாக்கியசீலனை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்த அன்று, அவன் என்னைத் தன் ஆட்டோவில் ஏற்றிக்கொள்ளவில்லை.

காலை ஒன்பது மணி. கண் ஆஸ்பத்திரிக்குப் போக, சமாதானபுரம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். பாக்கியசீலன் ஆட்டோவில் வந்தான். என் வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருப்பவன், ஒரே சர்ச் சபைக்காரன். கை காட்டினேன். நின்றான். ஆனால் எனக்குப் பின்னால் ஃபைலும் கையுமாக நின்ற ஓர் இளைஞனைப் பார்த்து, "தம்பி, வாங்க, ஏறுங்க" என்றான்.

"ஏலே, நான் நிக்கது தெரியலியா?"

"தெரியுது அண்ணாச்சி. கோவிச்சுக்கிடாதிய. பின்னாலயே வேற வண்டி வருது."

போய்விட்டான்.

அவன் சங்கதி தெருவுக்கே தெரியும். இஸ்திரி போட்ட சட்டையும் ஃபைலுமாக யாராவது நின்றால் மற்றவர்களை விட்டுவிடுவான். அவர்களை இறக்கிவிட்ட அலுவலக வாசலிலேயே வண்டியைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் காத்துக் கிடப்பான். ஆட்டோ ஸ்டாண்டில் அவனுக்குக் 'கலெக்டர் டிரைவர்' என்று பெயர்.

எதிர்வீட்டு மைதீன் பாத்திமா ஒருமுறை காய்கறிப் பையோடு நின்று ஏமாந்துவிட்டு வந்து சொன்னாள்: "பெரிய ஆளுகள ஏத்துனா இவரும் பெரிய ஆளாயிருவாரு போல."

எனக்குக் கோபம் வேறு காரணத்துக்காக. அவன் மனைவி எப்சி பி.காம். படித்தவள். பன்னிரண்டு வருடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டு, நிதி நிர்வாக வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தாள். மூன்று இன்டர்வியூ போய், மூன்றிலும் வாயடைத்துத் திரும்பினாள். நாலாவது ஒரு தர்ம ஆஸ்பத்திரியில். நாற்பது வயது வரைதான் எடுப்பார்கள். அவளுக்கு அடுத்த மாதம் நாற்பது முடிகிறது. இவன் என்னடாவென்றால் ஃபைல்காரர்கள் பின்னால் திரிகிறான்.

தினமும் விடிந்ததும் கீழே பயிற்சி நடக்கும். எட்டாம் வகுப்போடு நின்றவன், லுங்கியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பான்.

"மேடம், பேங்க் கணக்கும் நம்ம புத்தகமும் ஒத்துப்போகல. மொதல்ல எதப் பாப்பிய?"

"நாம எழுதிக் குடுத்த செக்கு எதுவும் இன்னும் பேங்குக்குப் போகாமக் கிடக்கான்னு பாப்பேன்."

"பைய, பைய. பஸ்ஸ விட்டுருவோம்ங்கிற மாதிரி ஓடாதிய."

"நீங்க சாரத்தக் கட்டிக்கிட்டு உக்காந்து கேட்டா எனக்குச் சிரிப்புல்லா வருது."

"அங்கன எல்லாரும் பேன்ட்டு போட்டிருப்பாங்க. அழுகை வரும். சிரிக்கிறத இங்கனயே சிரிச்சு முடிச்சிரு."

இந்தக் கேள்விகளை எங்கே பிடிக்கிறான் என்று எப்சியிடம் கேட்டேன். "ஆடிட்டர் ஒருத்தர் பழக்கமாம், அண்ணாச்சி" என்றாள். பெரிய மனிதர் சகவாசம் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

என்னை விட்டுவிட்டுப் போன அன்று சாயங்காலம், ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நாற்பத்து மூன்று வயது.

பத்தொன்பதாம் நாள் எப்சிக்கு இன்டர்வியூ. அதற்கு முந்தின நாள் கீழே இறங்கிப் போனேன்.

"நாளைக்குப் போகல, அண்ணாச்சி" என்றாள். "கேள்வி கேக்க ஆளில்லாம நான் எங்க போக?"

என் மனைவி இறந்த மாதம் நானும் எங்கும் போகவில்லை.

அப்போது வாசலில் வந்து நின்றான், அன்று எனக்குப் பதிலாக ஆட்டோவில் ஏறிப் போன அதே இளைஞன். பெயர் குமரகுருபரன், ஊர் ஆழ்வார்குறிச்சி என்றான். ஸ்டாண்டில் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"அக்கா, அண்ணன் எங்கிட்ட காசு வாங்கல. இன்டர்வியூக்குப் போற யாருகிட்டயும் வாங்க மாட்டாராம். கொண்டு விட்டுட்டு, வெளியில காத்திருந்து, திரும்பவும் கூட்டிட்டு வருவாரு. வரும்போது, உள்ள என்னென்ன கேட்டாங்கன்னு ஒண்ணு விடாமச் சொல்லிரணும். அதான் கூலி."

எப்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆடிட்டர்னுல்லா எங்கிட்டச் சொன்னாரு."

"நான் ஒரு கேள்விய மறைச்சிட்டேன், அக்கா. நாளைக்கு நீங்க போற ஆஸ்பத்திரிக்கு நானும் வாரேன். நீங்க வாரத அண்ணன் அன்னைக்கே சொன்னாரு. உங்களுக்குத் தெரிஞ்சிரக் கூடாதேன்னு மறைச்சேன். அன்னைக்கே அண்ணன் போயிட்டாருன்னு இன்னைக்குத்தான் கேள்விப்பட்டேன்."

"என்ன கேள்வி?"

"மேலதிகாரியே பில் இல்லாமப் பணம் கேட்டா என்ன செய்விய?"

எப்சி நிமிர்ந்தாள். "'பில்லக் குடுங்க சார், அஞ்சு நிமிசத்துல தாரேன்'னு சொல்லுவேன். 'உங்களுக்குப் பில்லு இல்லாமக் குடுத்தா, நாளைக்கு வாட்ச்மேன் வந்து கேப்பாரு, அவருக்கு நான் என்ன சொல்ல'ன்னு கேப்பேன்."

"அன்னைக்குப் போன இன்டர்வியூல, உடனே குடுத்துருவேன்னு நான் சொன்னேன், அக்கா. அங்கனயே எந்திரிக்கச் சொல்லிட்டாங்க."

எப்சி உள்ளே போய், பாக்கியசீலன் கேள்விகள் எழுதி வைத்திருந்த நோட்டை எடுத்து வந்தாள். அவனிடம் நீட்டினாள்.

"அதையும் இதுல எழுதிருங்க. பெறகு உக்காந்து மத்ததெல்லாம் வாசிங்க. நாளைக்கு ரெண்டு பேரும்தான போறோம்."

மறுநாள் ஐந்து பேர் உட்கார்ந்து எப்சியிடம் பதினாலு கேள்வி கேட்டார்கள். பதிமூன்று அவள் வீட்டில் ஏற்கெனவே கேட்டவை. பதினாலாவதாக, "உங்கள் கணவர் என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று கேட்டார்களாம்.

"என்னைய இன்டர்வியூ எடுத்துக்கிட்டிருந்தாரு" என்றாளாம்.

வேலை எப்சிக்குக் கிடைத்தது. குமரகுருபரனுக்கு இரண்டு மாதம் கழித்துத் திசையன்விளையில் கிடைத்தது.

நோட்டை நான் வாங்கிப் பார்த்தேன். இருநூற்றுப் பதினேழு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று குமரகுருபரனின் கையெழுத்து. மற்றதெல்லாம் பாக்கியசீலன் எழுதியவை.