அடுத்த கம்பெனி எப்போது?

"வர்ற பொதன்கெழம ஒண்ணு வருது புள்ள" என்றார் வீரய்யா, போனை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பேச்சியம்மா அப்போதுதான் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். வாசலில் உட்கார்ந்து, காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"என்ன வருது?"

"கம்பெனிதான். புதுசா பங்குச் சந்தைக்கு வருது."

வந்துவிட்டது வினை. நோர்வூட்டில் போன் கடை வைத்திருக்கும் முத்துலிங்கம் போட்டுக் கொடுத்த வேலை இது. எந்தக் கம்பெனி புதிதாகச் சந்தைக்கு வரப்போகிறது, எது இப்போதுதான் வந்தது என்று தேதியோடு சொல்லும் ஆப். அன்றைக்கு அந்தக் கடையில் ஏதோ நேரலை வீடியோ பார்த்துவிட்டு முகம் வெளுத்து வந்த மனுஷன், அதிலிருந்து சோறு தண்ணி மறந்து அதையே தடவிக்கொண்டிருக்கிறார். அதிலுள்ள இங்கிலீஷில் அவருக்குப் புரிவது தேதி மட்டும்தான்.

"அது என்னா கம்பெனி? சவக்காரம் செய்யுதா, சீமெந்து செய்யுதா?"

"எதைச் செஞ்சா நமக்கென்ன? தேதி தெரிஞ்சாப் போதும்."

ஃபெக்டரியில் உழைத்து ஓய்ந்த மனுஷனுக்கு ஈ.பி.எஃப். சேமநிதிக் காசு இப்போதுதான் வங்கிக்கு வந்திருந்தது. அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய் மகன் நிரோஷனைத் தேட வேண்டும் என்பது பேச்சியம்மாவின் ஒரே ஆசை. தோட்டத்து வேலை வேண்டாம் என்று சொன்ன பிள்ளையை, "என் மூஞ்சியில முழிக்காத" என்று விரட்டினவர் இவர்தான். போனவன் போனவனாகவே இருந்தான். ஒரு போன் கூட இல்லை. இவரும் அவன் பேரைச் சொன்னதில்லை.

"பெத்த புள்ள எங்க இருக்கான்னு தேட மனசில்ல. எந்தக் கம்பெனி எப்ப வருதுன்னு மட்டும் தேடுறீங்க. அந்தக் காசுல கை வச்சீங்க, நா மனுஷியா இருக்க மாட்டேன்."

வீரய்யா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

புதன்கிழமை வந்தது. கம்பெனி வரவில்லை, தேதி தள்ளிப் போய்விட்டது. அன்றைக்கு அவர் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாரே தவிர வாயில் போடவில்லை. எவனோ ஒருவனுடைய கம்பெனிக்கு இப்படி ஒரு துக்கமா என்று அவளுக்கு அலுத்துப்போனது. சண்டை போடவும் தெம்பில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவரே வந்து நின்றார்.

"நாளைக்கு நீ பெரட்டுக்குப் போகாத, வேல வேணாம். எங்கூட இரு."

'பேங்குக்குத்தான் கூப்பிடுறாரு' என்று அவளுக்குப் பட்டது. வங்கிப் புத்தகத்தைச் சேலை மடியில் சொருகி இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் படுத்தாள்.

காலையில் அவர் குளித்து, திருநாளுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டு, நெற்றியில் திருநீறும் பூசிக்கொண்டார். ஆனால் பஸ் ஏறப் போகவில்லை. மேட்டு லயத்துக்கு மேலே கோயில் படிக்கட்டுக்கு அவளைக் கூட்டிப்போனார். அங்கேதான் வீடியோ பார்க்கிற அளவுக்குச் சிக்னல் கிடைக்கும்.

"பேங்கு கோயிலுக்குள்ளயா இருக்கு?"

"சும்மா ஒக்காரு புள்ள."

போனில் அந்தக் கம்பெனி சந்தைக்கு வரும் விழா நேரலையில் ஓடியது; பெரிய மண்டபம் ஒன்று தெரிந்தது. கோட்டுப் போட்டவர்கள் வரிசையாக நின்றார்கள். ஒருவர் மணியை அடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"ஆட்டம் முடிஞ்சிச்சா? இதுல எவன் நம்ம காசத் திங்கப் போறான்?"

"காசு பேங்குல அப்பிடியே கெடக்கு. கண்ண எடுக்காமப் பாரு" என்றார் வீரய்யா. "எந்தக் கம்பெனி வந்தாலும் மணி அடிச்ச பொறகு தேத்தண்ணி கொண்டாருவாங்க. முத்துலிங்கம் கடையில பாத்தப்ப அந்த மொகம் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள போயிருச்சு. சரியாத் தெரியாம ஒங்கிட்ட எப்பிடிச் சொல்றது?"

கோட்டுக்காரர்களுக்குப் பின்னாலிருந்து, கோப்பைகள் அடுக்கிய தட்டோடு தாடி வைத்த ஒரு பையன் குனிந்தபடி வந்தான். வீரய்யா விரலால் அவனைத் தொட்டுக் காட்டினார்.

"நீ பெத்தவ, பாத்துச் சொல்லு. இது நம்ம நிரோஷன்தானே?"