காட்டாத பட்டன்

அறிவரசன் மறுபடியும் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான்.

கொளஞ்சியம்மாள் திரும்பவில்லை. கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன்கள் பெயரை அடித்துக்கொண்டே இருந்தாள்.

"யக்கா, எழுத்தைப் பெருசாக்க எந்தப் பட்டனை அமுக்குறீங்க?"

"ஏன் தம்பி?"

"சும்மாதான்."

ஒரு வாரமாக இதே சும்மா. அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பத்திரிகை அடிக்கிற கடை அவனுடையது. ஒரு கடைக்கு முதலாளி, டைப் அடிக்கிறவள் விரலை எதற்குச் சும்மா பார்க்க வேண்டும்?

விஷயத்தை உடைத்தது லாவண்யா. பெரம்பலூரில் காலேஜ் முடித்துவிட்டுக் கடைக்குப் புதிதாக வந்தவள்.

"இந்தக் கம்ப்யூட்டர்ல ஓடுற சிஸ்டத்தை ஒரு கம்பெனி இத்தனை வருஷமா ஓசியில குடுத்துச்சுல்லக்கா, அதை நிறுத்துறாங்களாம். இந்த மாசத்தோட சரி."

"நிறுத்துனா? கம்ப்யூட்டரு அணைஞ்சு போயிடுமா?"

"ஓடும்க்கா. ஆனா வைரஸ் கிரஸ் வந்தா கேக்க நாதியிருக்காது. அண்ணன் வேற சிஸ்டம் போடப் போறாராம்."

கடைக்குக் கவருக்குப் பசை தடவ வந்தவள் கொளஞ்சியம்மாள். எந்தப் படத்தைத் தொட்டால் எது திறக்கும் என்று இடத்தை வைத்துத்தான் எல்லாம் பழகியிருந்தாள். ஒருமுறை இந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேராகி வேறொன்றில் உட்காரவைத்தபோது, மத்தியானம் வரைக்கும் முட்டி மோதிப் பார்த்தும் மணப்பெண் பெயரைக்கூட அடிக்க முடியாமல் எழுந்துவிட்டாள். மகளோ இன்னும் நர்சிங் முடிக்கவில்லை. வேலை போனால்?

லாவண்யா வெள்ளந்தியாக அடுத்ததையும் சொன்னாள். "என்கிட்டயும் சொல்லியிருக்காருக்கா. அக்கா எதெது எப்படிச் செய்யுறாங்கன்னு கூடவே இருந்து பாத்து வெச்சுக்கன்னு."

ஓகோ. சேதி அப்படியா.

சாயங்காலம் ரெட்டிபாளையம் பஸ்ஸில் பக்கத்து வீட்டு வீராயியிடம் கொட்டித் தீர்த்தாள்.

"வேலையைக் கத்துக்கிட்டு உன்னை வூட்டுக்கு அனுப்பப் போறான்டி" என்றாள் வீராயி. "எல்லாத்தையும் காட்டிப்புடாத. ஒண்ணையாச்சும் முடிஞ்சு வெச்சுக்க."

அந்த ஒன்று மறுநாளே வந்தது.

"யக்கா, பத்திரிகைக்கு மேல 'கலியுக வரதராசப் பெருமாள் துணை'ன்னு போடுறீங்கல்ல, அது மட்டும் எப்படிக் கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள வருது?"

சுத்துப்பட்டு ஊர்களில் பாதிக் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குத்தான். அந்த வரிக்கென்று அவளிடம் ஒரு பட்டன் இருந்தது. எஃப் எட்டு. ஒரே அமுக்கு, பெருமாள் முழுசாக வந்து நின்றுவிடுவார். முன்பு இங்கே வேலை பார்த்த ராசாங்கம் அவளுக்காகச் செய்துகொடுத்துவிட்டுப் போனது. வேறு யாருக்கும் தெரியாது.

"ஒவ்வொரு எழுத்தாத்தான் அடிக்கிறேன் தம்பி."

"அம்புட்டு வேகமாவா?"

"பெருமாள் பேராச்சே. கை தானா ஓடுது."

சொன்னதோடு விடாமல், அவன் பார்க்க அப்படியே அடித்தும் காட்டினாள். அறிவரசன் தலையாட்டிவிட்டுப் போனான். அன்றைக்குச் சோறு ரெண்டு வாய் கூடவே இறங்கியது.

மாசக் கடைசி வந்தது. கம்ப்யூட்டரைத் துடைத்துக் குங்குமம் வைத்துவிட்டு, நாற்காலியில் போட்டிருந்த மெத்தையைச் சுருட்டிப் பையில் திணித்தாள்.

"மெத்தையை எங்கக்கா தூக்கிட்டுப் போறீங்க?" என்றான் அறிவரசன்.

"தொவைக்கத்தான்."

"திங்கக்கெழம மறக்காம எடுத்தாந்துடுங்க. கட்டைல உக்காந்தா இடுப்பு போயிரும்."

திங்கட்கிழமை எதற்கும் இருக்கட்டும் என்று மெத்தையோடு வந்தாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். எப்போதும் வருகிற அதே மாரியம்மன் படம். ஓரத்தில் அதே படங்கள், அதே வரிசையில். எழுத்து அதே பட்டனில் பெரிதானது.

"ஏன் தம்பி, கம்பெனிக்காரன் நிறுத்தலையா?"

"நிறுத்திட்டான்க்கா. இது புதுசு. நேத்துப் பூரா உக்காந்து மாத்துனேன்."

"பழசு மாதிரியேல்ல இருக்கு?"

"மாதிரி வெச்சது. நீங்க எங்க கை வைப்பீங்களோ அங்கங்க அதது இருக்கணும்னுதான் நானும் இந்தப் புள்ளையும் உங்க கையையே பாத்துக்கிட்டுக் கெடந்தோம். அன்னிக்கு மாதிரி நீங்க எந்திரிச்சுப் போயிட்டா, முகூர்த்த நேரத்துல நான் எங்க போயி நிப்பேன்?"

லாவண்யா சிரித்தாள். "அண்ணன் என்னைப் போட்டுப் படுத்துன பாடு உங்களுக்குத் தெரியாதுக்கா."

கொளஞ்சியம்மாள் மெத்தையை எடுத்து நாற்காலியில் போட்டு, நீவிவிட்டு உட்கார்ந்தாள். முதல் பத்திரிகையை எடுத்தாள். விரல் பழக்கத்தில் எஃப் எட்டுக்குப் போனது.

ஒன்றும் வரவில்லை. இன்னொரு தரம் அமுக்கினாள்.

பின்னாலிருந்து அறிவரசன் எட்டிப் பார்த்தான். "எதுனா விட்டுப்போச்சாக்கா? சொல்லுங்க, இப்பவே சரி பண்ணிடுறேன்."

"ஒண்ணும் விட்டுப்போவல தம்பி" என்றாள் கொளஞ்சியம்மாள். "எல்லாம் நான் காட்டுனபடியேதான் இருக்கு."

சொல்லிவிட்டுக் கலியுக வரதராசப் பெருமாளை ஒவ்வொரு எழுத்தாக அடிக்க ஆரம்பித்தாள்.