பித்தளைப் பலகை

பித்தளைப் பலகையோடு வந்த ஊராட்சி ஊழியர் ஹாப்டே, அடிபம்பைத் தாண்டிப் போய்ச் சிவப்பு டெலிபோன் கூண்டின் முன் நின்றார். அந்த இங்கிலாந்துக் கிராமத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு பாரம்பரியச் சின்னப் பலகை. பம்புக்கு வயிறு எரிந்தது.

"இருநூறு வருஷமா இந்த ஊருக்கே தண்ணி குடுத்தவன் நான். உனக்குள்ள மணி அடிச்சே இருபது வருஷமாச்சு."

"என்னண்ணே செய்யறது? உங்க மேல சைக்கிளைச் சாத்திட்டு, என்னோடதானே போட்டோ எடுத்துக்கறாங்க," என்றது கூண்டு.

ஹாப்டே கோட்டைக் கழற்றிப் பம்பின் கைப்பிடியில் மாட்டிவிட்டு, பலகையைக் கூண்டில் வைத்துத் திருகாணியை முடுக்கத் தொடங்கினார். பம்பு கைப்பிடியை மெல்லத் தாழ்த்தியது. கோட்டு சேற்றில் விழுந்தது.

முனகிக்கொண்டே வந்தவர், அதை அலசுவதற்காகக் கைப்பிடியைப் பிடித்து அடித்தார். பம்பு இருந்த பலத்தையெல்லாம் திரட்டித் தண்ணீரை மேலே இழுத்தது.