வெட்டிவேர்த் தட்டி

கோவில்பதாகை கிராமத்தில் உச்சிவெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆவடி துரை பங்களாவுக்குத் தட்டி பின்னிப் பழகிய பொன்னியம்மா, ஏரிக்கரையில் தானே தோண்டிய வெட்டிவேரில் பின்னிய தட்டியைத் தன் குடிசை வாசலில் தொங்கவிட்டு, ஒரு குடம் தண்ணீரை அதன்மேல் ஊற்றுகிறாள். வேர் கருக்கிறது, மணம் குப்பென்று எழுகிறது. அனல்காற்று ஈரத்தில் நுழைந்து குளிர்ந்து உள்ளே போக, காலையிலிருந்து வேர்க்குருவால் வீறிட்ட மகளின் பச்சைக்குழந்தை விசும்பி விசும்பி அடங்குகிறது. ஊரில் இப்படித் தட்டி தொங்குவது பண்ணைக்காரர் வீரராகவன் வீட்டில் மட்டும்தான். அவர் குடையோடு வந்து வாசலில் நிற்கிறார். “உன் குடிசைக்கு ஓலை விசிறி பத்தாதா? தட்டி இன்னாத்துக்கு? அவுத்துப் போடு.” “வீசி வீசிப் பாத்தாச்சு. கைதான் நொந்துது, கொயந்த அடங்கல. அதுக்கு இதான் தோதா கீது.” பண்ணைக்காரரிடம் எப்போதும் பேச்சோடு பணிந்து வரும் ‘ஆண்டே’ இன்று அவள் வாயில் வரவில்லை. அடுத்த குடத்தைத் தூக்குகிறாள். “நவுருங்க, தண்ணி தெறிக்கும்.” வீரராகவன் நகரவில்லை. அவருடைய வெள்ளை வேட்டி காற்றில் படபடக்கிறது. பொன்னியம்மா ஊற்றுகிறாள்.