காற்று வரும் இடம்

பைகளைப் பார்த்துக்கொள்பவர் என்ற கட்டத்தில் ஜுலைகா தன் பெயரை எழுதினாள்.

இரண்டு நாளுக்கும்.

அட்டையைத் தயாரித்தவளுக்குப் பொறுக்கவில்லை. அந்தமானுக்கு எந்தக் கிழமை கிளம்புவது, எந்தத் தீவுக்கு எந்தப் படகு, ஸ்நார்க்கலிங்குக்கு யார் யார் இறங்குவது என்று அலுவலகத்தில் ஒரு வாரச் சாப்பாட்டு நேரத்தை அந்த அட்டைக்குக் கொடுத்திருந்தாள்.

"ஏட்டி, மீனைக் காட்டுங்க, மீனைக் காட்டுங்கன்னு எங்க உசுர வாங்கினது யாரு? இப்போ கரையில குத்தவச்சு பைக்குக் காவலா? பயந்தாங்கொள்ளி!"

ஜெபக்கனி வாயில் சோற்றோடு சிரித்தாள். பக்கத்து மேசையிலும் சிரித்தார்கள்.

ஜுலைகாவும் சிரித்தாள்.

"ஆமாக்கா. தண்ணின்னா கொஞ்சம் பயந்தான்."

பயண ஏற்பாட்டாளர் முந்தின நாள்தான் போனில் சொல்லியிருந்தார். குழாயை வாயில் கவ்விக்கொண்டு கடலுக்குள் முகத்தை வைக்க வேண்டும். பழகும்வரை இரண்டு மூன்று வாய் உப்புத் தண்ணீர் உள்ளே போகத்தான் செய்யும்.

அதற்கா பயம்?

சாயங்காலம், அட்டையைத் தயாரித்தவள் விடுப்பு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தாள். தேதியைச் சரிபார்க்க, சுவரில் தொங்கிய நாள்காட்டியின் தாள்களை விரலால் தூக்கினாள்.

இந்தத் தாள்களை எத்தனை முறை தூக்கியிருப்பாள். நிலா இல்லாத இரவில் அங்கே கடல் தானாக மினுங்கும் என்று கேள்விப்பட்டு, அதைப் பார்த்தே தீர வேண்டும் என்று மாசி அமாவாசையைத் தேடிப் பிடித்தது இதில்தான். போவது கிழக்கே. கிழக்கே சூலம் இல்லாத கிழமையாகப் பார்த்தாள். தனக்குச் சந்திராஷ்டமம் பார்த்தாள். ஞாயிறு காலை ஜெபக்கனி கோயிலில் இருக்க வேண்டும் என்று, சனிக்கிழமையே ஊர் திரும்பும்படி பார்த்தாள்.

பெரிய எழுத்தில் செவ்வாய். அமாவாசை.

புதன்.

வியாழன். முதல் தீவு.

தாளின் அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி.

ரமலான் 1.

அடுத்த தாளைத் தூக்கினாள். ரமலான் 2.

தாள்கள் விரலிலிருந்து நழுவிச் சுவரில் விழுந்தன.

தொட்டித் தண்ணீரில் முகத்தை முக்கி, முப்பது எண்ணும்வரை மூச்சடக்கியதாக ஜுலைகா போன வாரம் சொன்னாள். வீட்டுக்காரர் பதறிப்போய்த் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பயந்தாங்கொள்ளி.

நோன்பில் ஒரு மிடறு தண்ணீர் கூடாது. ஜுலைகா அதைச் சொல்லியிருந்தால் தேதியை மாற்றியிருப்பார்கள். அமாவாசை தப்பிப் போயிருக்கும். அக்கா ஆசைப்பட்ட கடலும்.

அதனால் சொல்லவில்லை.

"முருகா" என்று வாயில் வந்தது. அந்தப் பெயரோடு வேறொன்றும் வந்தது.

ஐப்பசியில் சஷ்டிக்கு ஆறு நாள் அவள் விரதம். அந்த ஆறு நாளும் ஜுலைகா சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை. டிபனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனாள். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க காத்து நல்லா வருதுக்கா" என்றாள்.

கேட்டவள் அதை நம்பினாள்.

இப்போது எழுந்து பின்பக்கம் போனாள். இந்த அலுவலகத்தில் பதினாறு வருடம். அந்தப் படிக்கட்டில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

இரண்டு பக்கமும் சுவர். மேலே பூட்டிய மாடிக் கதவு. மூலையில் பழைய கோப்புகளின் புழுக்கம்.

துளிக் காற்று இல்லை.

அவள் அங்கேயே உட்கார்ந்தாள். கழுத்தில் வியர்வை இறங்கியது. துடைக்கவில்லை. வெகுநேரம் கழித்துப் பயண ஏற்பாட்டாளரைக் கூப்பிட்டாள்.

"பெருநாள் கழிஞ்சு ஒரு வாரம் போகட்டும். அப்போ போடுங்க."

"அப்போ நிலா வெளிச்சம் இருக்கும் மேடம். கடல் மினுங்குறது தெரியாதே. நீங்கதானே அதுக்காகத்தான்னு…"

"மீன் தெரியும்லா?"

"அது பகல்ல எப்பவும் தெரியும்."

"அது போதும்."

மறுநாள் மேசையில் புது அட்டை இருந்தது.

"ஏன்க்கா, தேதி மாறியிருக்கு?" என்றாள் ஜெபக்கனி. "அவ்வளவு பாத்துப் பாத்து வச்சீங்க."

"நான் நாள் சரியாப் பாக்கலட்டி."

பக்கத்து மேசைக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

ஜுலைகா அட்டையைத் தன் பக்கம் இழுத்தாள். தேதியின் மேல் விரலை வைத்தாள். விரல் அங்கேயே இருந்தது. பிறகு மெதுவாகக் கீழே நகர்ந்து, பைகளின் கட்டத்துக்கு வந்தது. இரண்டு நாளுக்கும் வேறு பெயர்.

"நீங்க ஏன்க்கா?"

"கரையில காத்து நல்லா வரும்லா."

சொன்னவள் தயிர்சாதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஜுலைகாவின் கை டிபன் மூடியிலேயே நின்றது. ஜெபக்கனி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஜுலைகா பேனாவை எடுத்தாள். இரண்டாம் நாளுக்கு எழுதியிருந்த பெயரை அடித்து, மேலே தன் பெயரை எழுதினாள்.

முதல் நாளை அப்படியே விட்டாள்.