தலைமையுரை

"இந்த வருஷம் தலைமையுரை நம்ம ஆலையோட முறை. அரசப்பன் பேசட்டும், பூவராகவன்."

ஜெனரல் மேனேஜர் ஜோசப் இதைச் சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். எதிரே நின்றவரின் முகத்தைப் பார்க்கவில்லை.

கும்மிடிப்பூண்டியில் இருந்த அந்த இரும்பு ஆலையில் பூவராகவன் பெர்சனல் ஆபீசர். ஆலைக்கு அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து ஆள் எடுப்பது, லீவு, கேன்டீன், சண்டை சச்சரவு எல்லாம் அவர் பொறுப்புதான். செங்கல்பட்டு மாவட்டத்து ஆலைகளின் பெர்சனல் ஆபீசர்கள் வருஷத்துக்கு ஒரு முறை மாநாடு கூடுவார்கள். தலைமையுரை பேசுபவரின் பெயரை அழைப்பிதழில் பெரிய எழுத்தில் போடுவார்கள். அந்த இடத்தில் தன் பெயரைப் பார்க்க அவர் எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தார். அரசப்பனோ அவருக்கு உதவியாளனாக வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

"அவனுக்கு அனுபவம் பத்தாது சார்," என்றார்.

"பேசிப் பேசித்தானே அனுபவம் வரும்," என்றார் ஜோசப்.

அரசப்பன் பழவேற்காட்டு ஏரியில் வலை வீசும் குடும்பத்துப் பிள்ளை. மெட்ராசில் படித்துப் பட்டம் வாங்கியவன். திருப்பாச்சூரில் நஞ்சை நிலமுள்ள குடும்பத்தில் பிறந்த பூவராகவனுக்கு, வந்த முதல் வாரமே அவனைப் பிடிக்காமல் போயிற்று. தொழிலாளிகள் அவர் மேஜையைத் தாண்டி அவன் மேஜைக்குப் போனார்கள். கூச்சல் போட்டுக்கொண்டு வருபவன்கூட அவனிடம் பேசிவிட்டுச் சிரித்தபடி திரும்பினான். அதே ஆள் அவரிடம் வந்தால் கைகட்டி நிற்பான், தலையாட்டுவான், போய்விடுவான். சிரித்ததே இல்லை.

வீட்டிலாவது ஆறுதல் கிடைக்கும் என்று மனைவி செங்கம்மாளிடம் சொன்னார். அவள் முகம் மலர்ந்தது.

"நல்லா பேசும் அந்தத் தம்பி. போன மாசம் எறா எடுத்துக்கினு வந்தப்ப எங்கிட்டயே எவ்ளோ நேரம் பேசிக்கினு இருந்துச்சு. உங்க கையில வேலை கத்துக்கின புள்ள. உங்களுக்கு இன்னா, பெருமைதானே?"

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மாநாடு திருவள்ளூரில், ஒரு கல்யாண மண்டபத்தில். அதற்கு முந்தின நாள் சாயங்காலம், நெல்லூரிலிருந்து கேன்டீனுக்கு அரிசி ஏற்றி வந்த லாரியை எளாவூர் செக்போஸ்டில் நிறுத்திவிட்டதாகத் தகவல் வந்தது. பர்மிட்டைக் காட்டினால் விட்டுவிடுவார்கள். அதற்கு ஒரு கிளார்க் போதும். ஆனால் அங்கே அதிகாரி மத்தியானத்துக்கு முன்னால் வந்து உட்கார மாட்டார் என்பது பூவராகவனுக்குத் தெரியும். மாநாட்டன்று காலையில் அரசப்பனைக் கூப்பிட்டார்.

"லாரி வரலைன்னா நாளைக்கு கேன்டீன்ல சோறு கெடையாது. கேட்ல கலாட்டா ஆயிடும். நீ போனாதான் ஆவும். அரை மணி வேலை. முடிச்சிக்கினு நேரா மண்டபத்துக்கு வந்துடு."

அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாநாட்டுக்கென்று தைத்த புதுச் சட்டையோடு எளாவூர் பஸ்ஸில் ஏறினான்.

மண்டபத்தில் அரசப்பனின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆளைக் காணோம். மறுபடியும் கூப்பிட்டபோது பூவராகவன் எழுந்தார். தம்பிக்கு அவசர வேலை வந்துவிட்டது, ஆலையின் மானம் போகக்கூடாது, அதனால் தானே பேசுவதாகச் சொல்லி மைக்கைப் பிடித்தார். முன்வரிசையில் இருந்த ஜோசப் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்துவிட்டார்.

பூவராகவன் அன்று நன்றாகவே பேசினார். தொழிலாளியின் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று தெரியாதவன் பெர்சனல் ஆபீசரே இல்லை என்றபோது மண்டபமே கைதட்டியது. அந்தச் சத்தத்தில் இரண்டு வருஷத்து எரிச்சலும் அடங்கிப் போயிற்று. மேடையை விட்டு இறங்கியதும் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து கையைக் குலுக்கினார். புதிதாக ஒரு ஆலை தொடங்குவதாகவும், அங்கே பெர்சனல் ஆபீசராக வர முடியுமா என்றும் கேட்டார். பூவராகவன் சிரித்துக்கொண்டே மறுத்தார். தான் இல்லாமல் தன் ஆலை ஒரு நாள்கூட நடக்காது என்றார்.

கடைசிப் பந்தி போடும் நேரத்தில் அரசப்பன் வந்து சேர்ந்தான். சட்டை முழுக்கப் புழுதி. லாரியை ஆலைக்கு அனுப்பிவிட்டே வந்ததாகச் சொன்னான்.

"நல்ல வேளை, நீங்க பேசினீங்க சார். இல்லாங்காட்டி நம்ம கம்பெனி பேரே கெட்டுப் போயிருக்கும்."

அதை அவன் மனதாரத்தான் சொன்னான். பூவராகவன் அவன் தோளைத் தட்டிக்கொடுத்து, முதலில் போய்ச் சாப்பிடச் சொன்னார். அவரும் பின்னால் நடந்தபோது ஜோசப் வந்து தனியே அழைத்துப் போனார்.

"கரண்ட் கட்டுல உற்பத்தி பாதியாயிடுச்சு. உங்க டிபார்ட்மென்ட்ல ஒருத்தரைக் குறைக்கச் சொல்லி ஹெட் ஆபீஸ் உத்தரவு. நீங்க சீனியர், உங்களை அனுப்ப எனக்கு மனசு வரல. அரசப்பனுக்கு இப்பதான் குழந்தை பிறந்திருக்கு. உங்ககிட்ட பேசினாரே, அந்தக் கோட்டுப் போட்டவர், அவர் ஆள் தேடி இங்க வர்றார்னு தெரிஞ்சுதான் அவனைப் பேச வைக்க நினைச்சேன். அவன் பேச்சைக் கேட்டிருந்தா கட்டாயம் அவனை எடுத்துக்கிட்டிருப்பார். நீங்க மாட்டேன்னதும், உங்களுக்கு அப்புறம் பேசின அம்பத்தூர்க்காரருக்கு வேலையைக் குடுத்துட்டுக் கிளம்பிட்டார்."

பூவராகவன் பந்திப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இந்த மாசத்தோட அவனுக்கு வேலை இல்லை. பெர்சனல் ஆபீசர் நீங்கதான். நீங்களே சொல்லிடுங்க," என்றார் ஜோசப்.

பந்தியில் அரசப்பன் தன் பக்கத்து இலையில் யாரையும் உட்காரவிடாமல், அவருக்காக இடம் பிடித்து வைத்திருந்தான்.